மூலப் பதிவு யாருடையது?

மகிழுந்து வாங்குகின்றவன் இரும்பையும் ரப்பரையும் கண்ணாடியையும் மட்டும் வாங்குவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத ஒன்றையும் அவன் விலை கொடுத்தே பெறுகின்றான். வண்டியைப் பூட்டிய பின் முன்விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும், எந்த வேகத்தில் கதவுகள் தாமே பூட்டிக்கொள்ள வேண்டும், சக்கரத்தின் சுற்றளவு எவ்வளவு, எஞ்சினுக்குள் எத்தருணத்தில் எவ்வளவு எரிபொருள் பாய வேண்டும் என்பவை யாவும் எண்களாகப் பதிக்கப்பட்டு வண்டிக்குள் உறைகின்றன. 1979ஆம் ஆண்டில் பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் என்னும் கருவி பி.எம்.டபிள்யூ. மகிழுந்தில் இடம்பெற்றபோது, தீப்பொறியையும் எரிபொருளையும் ஒரே பெட்டி ஆளத் தொடங்கியது. இன்றோ ஒரு மகிழுந்துக்குள் இத்தகைய கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பல பத்து உள்ளன. அவற்றுள் எழுதப்பட்டிருக்கும் எண்களே அந்த வண்டியின் இயல்பு.

இந்த எண்களைத் தம் விருப்பத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளும் வழக்கம் எங்கும் பரவிவிட்டது. அதனைக் குற்றம் என்று கூறுவதற்கில்லை. பெரிய சக்கரம் பூட்டியவர் வேகமானி பொய் சொல்லாதிருக்க அதன் எண்ணைத் திருத்தத்தான் வேண்டும். பூட்டும்போது ஒலி எழுவதை அண்டை வீட்டாரின் உறக்கம் கருதி நிறுத்துபவர் பாராட்டுக்கே உரியவர். குற்றம் வேறிடத்தில் இருக்கின்றது. மாற்றுவதற்கு முன் இருந்ததைப் படியெடுத்து வைக்காமல் கைவைக்கின்றார்களே, அதுவே குற்றம். வாங்கியவனுக்கு அந்த மூலத்தின் படியைத் தர மறுக்கின்றார்களே, அது அதனினும் பெரிய குற்றம். முன்னதைச் செய்வோர் பட்டறைக்காரர். பின்னதைச் செய்வோர் நிறுவனத்தார்.

பட்டறைக்காரரை முதலில் எடுத்துக்கொள்ளலாம். துணியில் கத்தரி வைக்குமுன் தையற்காரர் அளவைக் குறித்துக்கொள்கின்றார். சுவரை உடைக்குமுன் கொத்தனார் எந்தத் தூண் எதைத் தாங்குகின்றது என்று பார்க்கின்றார். ஆனால் கணினியைக் கையில் ஏந்திய இந்தப் புதிய கைவினைஞருள் பலர், இருந்ததை எழுதி வைப்பதை நேர விரயமாகவே கருதுகின்றனர். “பழையபடி வேண்டுமென்றால் நாளை வாருங்கள், மாற்றித் தருகிறோம்” என்பது அவர்களின் வழக்கமான மறுமொழி. எதைக் கொண்டு மாற்றித் தருவார்கள்? அதே வகை வண்டி வேறொன்றிலிருந்து எடுத்த எண்களைக் கொண்டுதான்! ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரு வண்டிகளுங்கூட ஒரே எண்களைச் சுமப்பதில்லை. ஒன்றில் பின்புறக் கேமரா இருக்கும், மற்றதில் இராது. ஒன்றின் பெட்டியில் பழைய மென்பொருள் இருக்கும். மற்றதில் புதியது இருக்கும். அண்ணனின் மருந்துச் சீட்டைத் தம்பிக்குக் கொடுப்பது போன்றதே இந்த வைத்தியம்.

படியெடுத்தோம் என்று சொல்வோரின் சொல்லையும் அப்படியே நம்பிவிடலாகாது. எஞ்சின் பெட்டிகள் பலவற்றுள் இருப்பதைச் சோதனை இணைப்பின் வழியே முழுமையாகப் படித்தெடுக்க முடியாது. எழுத மட்டுமே வழி உண்டு. ஆகவே சில கருவிகள் பெட்டியின் மென்பொருள் எண்ணை மட்டும் கேட்டறிந்து, அதற்குரிய பொதுக் கோப்பைத் தம் களஞ்சியத்திலிருந்து எடுத்துக் கொடுத்து, அதனையே ‘படித்தல்’ என்று பெயரிட்டு அழைக்கின்றன. உரிமையாளரின் வண்டிக்குள் மெய்யாக இருந்தது அந்தக் கோப்பில் இல்லை. முன்னவர் யாரேனும் மாற்றம் செய்திருந்தால் அதன் சுவடும் அதில் இல்லை. பொதுக் கோப்பு பயனற்றது என்பதன்று வாதம். அதனைப் பொதுக் கோப்பு என்று சொல்லியே கொடுக்க வேண்டும் என்பதே வாதம். பெட்டியைக் கழற்றித் திறந்து முழுப் படி எடுக்கும் முறை வேறு இருக்கின்றது. அதற்கு உழைப்பும் கூலியும் மிகுதி. எந்த முறையில் எடுத்தோம் என்பதைச் சீட்டில் எழுதித் தருகின்ற பட்டறைகள் எத்தனை?

முழுப் படி என்று நம்பி ஏமாறுவோரும் உளர். ஃபோக்ஸ்வாகன் வகை வண்டிகளுக்குப் பயன்படும் வி.சி.டி.எஸ். என்னும் நிரலில் முழுச் சோதனை ஒன்றை ஓட்டினால், ஒவ்வொரு பெட்டியின் குறியீட்டு எண்ணும் அந்த அறிக்கையில் வந்துவிடும். அதனைச் சேமித்தவர் யாவும் கைக்கு வந்ததாக நிம்மதி கொள்கின்றார். ஆனால் தழுவல் மதிப்புகள் என்று வழங்கும் மற்றொரு தொகுதி அந்த அறிக்கையில் வருவதில்லை. அதனைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். கண்ணாடி மடிவதும் பகல் விளக்கின் ஒளியளவும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. பாதிச் சுவடியைக் காத்துவிட்டு மீதியைக் கரையானுக்கு விட்ட கதைதான்.

இனி நிறுவனத்தார். இவர்களுள் ஒருவரைப் பாராட்டிவிட்டே மற்றவரைக் கண்டிப்பது நேர்மை. அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம், தன் வண்டி ஒவ்வொன்றும் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது எந்த எண்களைத் தாங்கியிருந்தது என்பதைத் தன் சேவைத் தளத்தில் பார்வைக்கு வைத்திருக்கின்றது. வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்தால், பெட்டி வாரியாக, வரி வரியாக அந்தப் பட்டியல் வந்து நிற்கின்றது. ஃபோர்ஸ்கேன் என்னும் நிரலைக் கொண்டு தம் வண்டியைத் தாமே திருத்துவோர், தவறு நேர்ந்தால் அந்த வரிகளைத் திரும்ப எழுதி மீள்கின்றனர். இதனால் ஃபோர்டு நிறுவனம் அழிந்துவிடவில்லை.

ஆயினும் அந்தப் பட்டியலும் பிறந்தநாள் சாதகமே. பின்னாளில் முகவர் மென்பொருளைப் புதுப்பித்திருக்கலாம்; பழுதான பெட்டியை மாற்றிப் புதியதைப் பொருத்தியிருக்கலாம். அத்தகைய வண்டியில் பழைய வரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் பொருத்தம் கெடும். எனவே, நிறுவனப் பட்டியல் கையில் இருந்தாலும், கை வைக்கும் நாளில் வண்டிக்குள் இருப்பதைத் தனியே படியெடுக்கும் கடமை தீர்வதில்லை. பி.எம்.டபிள்யூ. வண்டிகளில் ஏற்பாடு வேறு. வண்டி எந்தெந்த வசதிகளோடு கட்டப்பட்டது என்னும் ஆணைப் பட்டியலை வண்டியே தன்னுள் வைத்திருக்கின்றது. அதனைக் கொண்டு பெட்டிகளைப் புதிதாகக் குறியீடு செய்தால் தொழிற்சாலை நிலை திரும்பும். முகவரிடம் மென்பொருள் புதுப்பிக்கச் சென்றவர்கள் தாம் செய்த மாற்றங்கள் யாவும் மறைந்தது கண்டு திகைப்பதும் இதனாலேயே. அவர்களும் தம் மாற்றங்களின் பட்டியலை எழுதி வைத்திருக்க வேண்டியவர்களே.

படி கையில் இருந்தால் மட்டும் மீட்பு உறுதியாகிவிடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெட்டிக்குள் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்கலத்தின் வலு குறைந்து எழுத்து இடையில் அறுந்தால், பெட்டியே ஊமையாகிவிடக்கூடும். வெளியிலிருந்து சீரான மின்சாரம் ஊட்டும் கருவியைப் பொருத்திய பின்னரே எழுதத் தொடங்குவது தொழில் தெரிந்தவரின் வழக்கம். அந்தக் கருவி இல்லாத பட்டறைக்கு இந்தத் தொழில் எதற்கு?

நிறுவனத்தார் தம் பூட்டுக்குச் சொல்லும் காரணம் பாதுகாப்பு. அதனை எள்ளி ஒதுக்குவதும் முறையன்று. 2015ஆம் ஆண்டில் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்னும் ஆய்வாளர் இருவர், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் வண்டி ஒன்றைத் தொலைவிலிருந்தே ஆட்டிவைத்துக் காட்டினர்; ஏறத்தாழ 14 இலட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதன்பின் அந்நிறுவனத்தின் வண்டிகளில் காவல் வாயில் ஒன்று வைக்கப்பட்டது. எழுதுவதற்குக் காவல் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். படிப்பதற்கு ஏன்? வீட்டுக்காரன் தன் வீட்டுப் பத்திரத்தைப் படியெடுத்தால் திருடன் உள்ளே வந்துவிடுவானா? திருட்டைத் தடுக்கும் சாவிக் குறிகளைத் தனியே மறைத்து வைத்துவிட்டு, மற்ற எண்களை உரிமையாளனுக்குக் கொடுப்பதில் என்ன தடை? ஃபோர்டு கொடுத்துத்தானே வருகின்றது?

மற்றொரு சாராரின் அச்சம் வேறு. மூலத்தை மீட்கும் வழி எளிதானால், புகை மிகக் கக்கும்படி எஞ்சினை மாற்றியவன் சோதனை நாளில் மட்டும் மூலத்தை எழுதி உத்தமன் வேடம் புனைவான் என்கின்றனர். அவன் இன்றும் அதைத்தான் செய்கின்றான். அவனுக்கு வழி தெரியும். வழி தெரியாமல் தவிப்பவன் நேர்மையாளனே. தவிரவும், பல பெட்டிகள் தம்மீது எத்தனை முறை எழுதப்பட்டது என்பதை எண்ணி வைத்திருக்கின்றன. மூலத்தைத் திரும்ப எழுதினாலும் அந்த எண்ணிக்கை குறைவதில்லை. ஆகவே, உத்தரவாதத்தை ஏமாற்றிப் பெறுவதற்காகக் காப்புப் படி தேடுவோருக்கு இந்தக் கட்டுரை உதவாது. புகையைப் பற்றி நிறுவனத்தார் பேசும்போது ஒன்றை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. சோதனைச் சாலையில் ஒரு முகமும் தெருவில் ஒரு முகமும் காட்டும் மென்பொருளை உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில் வைத்து 2015இல் அகப்பட்டது பட்டறைக்காரன் அல்லன், ஃபோக்ஸ்வாகன் நிறுவனம்.

சட்டம் இத்துறையில் மெல்ல நகர்கின்றது. அதே 2015இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், தம் வண்டியைப் பழுது பார்ப்பதற்கும் முறையாகத் திருத்துவதற்கும் அதன் மென்பொருட் பூட்டைத் திறக்கும் உரிமையாளர் மீது பதிப்புரிமைச் சட்டம் பாயாது என்று விலக்களித்தது. திறப்பவனைத் தண்டிக்கமாட்டோம் என்பதே அதன் பொருள். திறந்து கொடு என்று நிறுவனத்தாருக்கு அது கட்டளை இடவில்லை.

இவை எல்லாம் வசதி படைத்தோரின் விளையாட்டு என்று நினைப்போர் பழைய வண்டிச் சந்தையைப் பார்க்கட்டும். ஈப்போவிலோ கிள்ளானிலோ சேமிப்பை எல்லாம் திரட்டிக் கைமாறிய வண்டி ஒன்றை வாங்கும் தொழிலாளி, முன்னவர் எஞ்சினின் காற்றழுத்தத்தை ஏற்றிவிட்டிருப்பதை எப்படி அறிவார்? மலேசியாவில் பெயர் மாற்றத்திற்கு முன் நடக்கும் சோதனையில் எஞ்சின் எண்ணையும் சட்டக எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். எஞ்சினை ஆளும் எண்களின் மூலப்படி வண்டியின் ஆவணங்களோடு கைமாறினால், அந்தத் தொழிலாளியும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேண்டாத மாற்றத்தை நீக்கியும் கொள்ளலாம். அவ்வாறு கைமாறாதவரை, எஞ்சின் உடையும் நாளில் செலவு அவர் தலையிலே விழும். மாற்றியவர் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

இடமில்லை, நேரமில்லை என்னும் சாக்குகளும் இனிச் செல்லுபடியாகா. எஞ்சின் பெட்டியின் முழுக் கோப்பு பெரும்பாலும் சில மெகாபைட்டே. கைத்தொலைபேசியில் இருக்கும் ஒரு திரைப்பாடலின் அளவு. வண்டியின் அடையாள எண், எடுத்த தேதி, எடுத்த முறை ஆகிய மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதி, ஒரு படியை உரிமையாளர் கையிலும் மறுபடியைப் பட்டறையிலும் வைத்த பின்னரே கூலியைக் கேட்கட்டும்.