கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க!

போன வாரம் இங்கே புனே ஆபீசில் முதலுதவி வகுப்பு. பாம்பு கடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். "இறுக்கிக் கட்டணும், பிளேடால் கீறி உறிஞ்சணும்" என்று கோரஸாகப் பதில். அத்தனை பேரும் இஞ்சினியர்கள்! தமிழோ மராட்டியோ, எல்லோருக்கும் வாத்தியார் சினிமா ஹீரோதான் போல.

கட்டினால் என்ன ஆகும்? விரியன் விஷம் சதையை அழிக்கும். ரத்த ஓட்டத்தையும் நிறுத்தினால் காலே போகலாம். அவிழ்த்ததும் தேங்கிய விஷம் மொத்தமாகப் பாயும். கீறினால்? ரத்தத்தை உறைய விடாததும் அதே விஷம்தான். கீறிய இடத்தில் ரத்தம் நிற்காது. சரி, உறிஞ்சினால்? விஷம் என்ன வாசலிலா காத்திருக்கிறது?

செய்ய வேண்டியது சுலபம். மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்தால் சிம்பு வைப்போமே, அதுபோல ஆடாமல் வையுங்கள். நடக்க விடாதீர்கள். பாம்பைத் துரத்தாமல், 108ஐயோ கிடைத்த வண்டியையோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"மந்திரிச்சதும் சரியாச்சே" என்பவர்களுக்கு: கடித்தது விஷமில்லாத பாம்பு, அல்லது விஷம் இறங்காத வெற்றுக்கடி. கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் வலிகூடத் தெரியாது. இமை தொங்கும்போது மந்திரம் கேட்காது, முறிமருந்துதான் கேட்கும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிக்குப் பலியானவர்கள் சுமார் 12 லட்சம் என்கிறது 2020ல் வெளியான ஓர் ஆய்வு. அந்த முறிமருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பதில் பெரும் பங்கு, 1978ல் ஆரம்பித்த நம் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு. மருந்துக்கு வேண்டியது நம்ம ஊரிலிருந்தே போகிறது. நாம்தான் இன்னும் கர்ச்சீப்பைத் தேடிக்கொண்டிருக்கிறோம்!