கூரைத் துணியை நீங்களே ஒட்டலாம்

சித்தூர், திருப்பதிப் பக்கம் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் நிற்கிற பழைய காரில், கூரைத் துணி தொங்கிவிடுகிறது. குற்றம் பசையில் மட்டுமில்லை. துணிக்குப் பின்னாலுள்ள மெல்லிய ஃபோம் சூட்டில் பொடிந்துபோகிறது. பொடியின்மேல் எந்தப் பசையும் நிற்காது. கூரை அட்டையைக் கழற்றி, பழைய ஃபோமை பிரஷ்ஷால் முழுக்கச் சுரண்டிவிட்டு, வெப்பம் தாங்கும் பசையால் புதுத் துணி ஒட்டுங்கள். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். 2014இல் உற்பத்தி நின்ற மாருதி 800ஐ இன்னும் ஓட்டுகிறவர்கள் இத்தகைய வேலைகளைக் கட்டாயம் பழக வேண்டும் என்பேன். நல்ல எஞ்சின் இருக்கும்போதே, உள்ளே பார்க்கச் சகிக்கவில்லை என்று வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளுவது எனக்கு ஒப்பவில்லை. சீட் கவர், தரைவிரிப்பு, கதவுக் கைப்பிடி எல்லாம் நம் கையால் ஆகும். சீட் பெல்ட்டை மட்டும் தைத்துப் போடாதீர்கள்; நூல் பிரிந்திருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள்.