வாசலுக்கு வரும் பொட்டலம்

கடைத்தெருவுக்குச் சென்று வாங்குவது நலமா, வீட்டிலிருந்தபடியே இணையத்தின் வழியாக வரவழைப்பது நலமா? இக்காலக் குடும்பங்களில் அடிக்கடி எழும் வினா இது. சேலையாயினும் செருப்பாயினும் சமையற் பாத்திரமாயினும், விலையையும் தரத்தையும் சீர்தூக்கிப் பார்த்து நாம் ஒரு முடிவுக்கு வருகிறோம். ஆனால் இதே வினாவை இன்று நம் இளைஞர் சிலர் மற்றொரு பொருளைக் குறித்தும் எழுப்புகின்றனர். 'வேப்' எனப்படும் மின்னணுச் சிகரெட்டே அப்பொருள். இதைப் பற்றிப் பெற்றோர் அறிந்திருப்பது சிறிது. பிள்ளைகள் அறிந்திருப்பதோ பெரிது. ஆகவே இத்திங்கள் இதனையே நம் சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம்.

முதலில் அது யாது என அறிவோம். ஒரு சிறு மின்கலம், சூடேறும் ஒரு கம்பிச்சுருள், ஒரு சிறு குப்பியில் திரவம் – இவ்வளவே அக்கருவி. அத்திரவத்தில் கிளிசரின் போன்ற பொருள்களும், பழச்சுவையோ புதினாச் சுவையோ தரும் கலவைகளும், பெரும்பாலும் நிக்கோடினும் கலந்திருக்கும். கம்பி சூடேறியதும் திரவம் ஆவிபோல் எழுகிறது, அதனை உள்ளிழுக்கின்றனர். சீன நாட்டு மருந்தியலார் ஹான் லிக் என்பவர் 2003 ஆம் ஆண்டளவில் இதன் இக்கால வடிவத்தை உருவாக்கினார். புகைப்பவராக இருந்த அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். புகைப்பழக்கத்தினின்று விடுபட உதவும் என்னும் எண்ணத்தோடு தோன்றிய கருவி, புகையையே அறியாத சிறுவர் கைக்கும் வந்து சேர்ந்திருப்பதுதான் துயரம்.

இதன் விற்பனையை அனுமதித்துள்ள நாடுகளில் 'கடையா, இணையமா' என்னும் வினாவுக்கு ஓரளவு பொருளுண்டு. பிரிட்டனில் 18 வயது நிறையாதவருக்கு இதனை விற்பது குற்றமாகும். திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோடின் இருத்தலாகாது என்ற வரம்பும் அங்குண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையை 2025 சூன் 1 முதல் அங்குத் தடை செய்துவிட்டனர். புகைப்பழக்கத்தை விட விரும்பும் பெரியவர்களுக்கு அந்நாட்டு மருத்துவத் துறையினரே இக்கருவியைப் பரிந்துரைப்பதும் உண்டு. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. எரியும் சிகரெட்டைக் காட்டிலும் இதில் நச்சுப் பொருள்கள் குறைவு என்பது அவர்கள் கூற்று. ஆனால் புகைக்காதவரும் சிறுவரும் இதனைத் தொடவே கூடாது என்பதையும் அவர்களே சேர்த்துச் சொல்கின்றனர். சிலர் முன்பாதியை மட்டும் கேட்டுவிட்டுப் பின்பாதியைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அமெரிக்காவில் 2019 டிசம்பர் முதல் 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்பனை இல்லை. ஆயினும் கடையின் கதவை அடைத்தால் போதாது, அஞ்சல் வழியும் திறந்து கிடக்கிறதே என்பதை அந்நாட்டவர் விரைவில் உணர்ந்தனர். 2020 ஆம் ஆண்டின் இறுதியில் புதிய சட்டம் இயற்றினர். அதன்படி 2021 அக்டோபர் முதல், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அந்நாட்டு அஞ்சல் துறை இப்பொருளைக் கொண்டு செல்வதில்லை. பிற வழியில் அனுப்புவோரும் வாங்குபவரின் வயதைச் சரிபார்த்து, வயது வந்தவரிடம் கையொப்பம் பெற்றே பொட்டலத்தைக் கொடுக்கவேண்டும்.

எங்கிருந்து வாங்கியது என்று அறியாத திரவத்தினால் நேர்ந்த கேட்டையும் அந்நாடு கண்டது. 2019 ஆம் ஆண்டில் அங்கே நுரையீரல் நோயொன்று திடீரெனப் பரவலாயிற்று. 2020 பிப்ரவரி நடுப்பகுதி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 68 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கஞ்சாவின் சாரம் கலந்த திரவத்தைப் பயன்படுத்தியவர்கள். அதில் கலப்படமாகச் சேர்க்கப்பட்ட 'வைட்டமின் ஈ அசிடேட்' என்னும் எண்ணெய்ப் பொருளே முதன்மைக் காரணமாகக் கருதப்பட்டது. நண்பர் கொடுத்தது, தெரிந்தவர் விற்றது, இணையத்தில் யாரோ அனுப்பியது – இவ்வாறு வந்த சரக்கே பெரும் கேட்டை விளைத்தது.

நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றின் உறவினர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்கின்றனர். மலேசியாவில் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும் இணைய வழி விற்பனையையும் தடை செய்கிறது. சிங்கப்பூரிலோ 2018 பிப்ரவரி முதல் இதனை வாங்குவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். 2025 செப்டம்பரில் தண்டனைகளை மேலும் கடுமையாக்கினர். அங்குப் பயணம் செய்யும் இளைஞர் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இனி, நம் நாட்டின் நிலை என்ன? 2019 செப்டம்பர் 18 அன்று நடுவண் அரசு அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அதனை நிலையான சட்டமாக்கியது. மின்னணுச் சிகரெட்டைச் செய்தல், இறக்குமதி செய்தல், கொண்டு செல்லல், விற்றல், விளம்பரம் செய்தல் ஆகிய அனைத்தும் குற்றமாகும். முதல் முறை அகப்படுவோருக்கு ஓராண்டுவரை சிறை, அல்லது ஓர் இலட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே. மறுமுறை செய்தால் மூன்றாண்டுவரை சிறையும் ஐந்து இலட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. சரக்கைச் சேமித்து வைப்போருக்கும் தண்டனை உண்டு. இச்சட்டம் பெட்டிக்கடைக்கும் இணையக் கடைக்கும் ஒன்றே. 2023 சூலையில் இப்பொருளை விற்ற 15 இணையதளங்களுக்கு நடுவண் சுகாதார அமைச்சகம் எச்சரிக்கை அறிவிக்கை அனுப்பியதும் இதன்படியே.

ஆகவே நம் இளைஞர் கேட்கும் வினாவுக்கு விடை தெளிவானது. கடையிலும் வாங்க வேண்டாம்; இணையத்திலும் வாங்க வேண்டாம். சட்டம் தடுத்த சரக்கிற்குத் தரச் சோதனை ஏது? குப்பியின் மேல் ஒட்டியுள்ள சீட்டு எதைக் கூறினும், உள்ளே இருப்பது யாது என்பதற்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. நெஞ்செரிச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால் விற்றவனிடம் போய் முறையிடவும் இயலாது.

ஆயினும் பெற்றோர் கருத வேண்டிய ஒரு வேறுபாடு கடைக்கும் இணையத்துக்கும் இடையே உண்டு. கடையில் ஒரு மனித முகம் இருக்கிறது. திருட்டுத்தனமாக விற்பவனாயினும், 'இவன் இன்னாருடைய மகனாயிற்றே' என்று ஒரு கணம் தயங்குவான். தெருவில் போகும் பக்கத்து வீட்டார் பார்ப்பார்களே என்று வாங்க வந்த பிள்ளையும் நாணும். அந்தத் தயக்கமும் நாணமும் எத்தனையோ பிள்ளைகளைக் காத்திருக்கின்றன. இணையத்தில் முகம் இல்லை, தயக்கம் இல்லை. பிறந்த ஆண்டை மாற்றி எழுதினால் பதினான்கு வயதுப் பிள்ளையும் இருபது வயதினனாகிவிடுகிறான். பொட்டலம் நம் பெயரிட்ட முகவரிக்கே வருகிறது. நம் வாசற்படியில்தான் கைமாறுகிறது. அப்படியாயின் இன்று கடைசிக் கடைக்காரர் யார்? தடுத்து நிறுத்தக்கூடிய கடைசி மனித முகம் எது? பெற்றோராகிய நம் முகமே அன்றோ!

இதற்காக வீட்டைக் காவல் நிலையமாக்க வேண்டியதில்லை. வரும் பொட்டலம் எவருடையதாயினும், தந்தையுடையதாயினும், எல்லோர் முன்னிலையிலும் பிரிப்பது என்னும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம். எல்லோருக்கும் பொதுவான வழக்கம் எவரையும் புண்படுத்தாது. பிள்ளையின் செலவுப் பணம் எங்கே போகிறது என்று அன்போடு கேட்கலாம். இக்கருவி பேனாவைப் போலவும் பென் டிரைவைப் போலவும் தோற்றமளிக்கும். கைப்பேசிக்கு மின்னேற்றும் கம்பியிலேயே மின்னேற்றத்தக்க வகைகளும் உண்டு. படிக்கும் அறையில் காரணமின்றிப் பழவாசனை வீசினால் கவனிப்பது நல்லது.

ஆனால் பிள்ளையின் பையைச் சோதிக்கும் முன் நம் சட்டைப் பையையும் பார்த்துக்கொள்வோமாக. 'தம்பி, கடைக்கு ஓடிப்போய் ஒரு சிகரெட் வாங்கி வா' என்று மகனை அனுப்பும் தந்தையர் நம்மிடையே இன்னும் இல்லையா? 18 வயதுக்குட்பட்டோருக்குச் சிகரெட் விற்பதை 2003 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கடைக்காரரைக் குற்றத்துக்கு உள்ளாக்கி, மகனையும் அப்பொருளுக்கு அறிமுகம் செய்து வைப்பவர் தந்தையே. அவர் பின்னர் வேப்பைக் குறித்து என்ன அறிவுரை கூறினும் அது காதில் ஏறுமா?

இவ்வகையில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் காட்டிய வழி நினைக்கத்தக்கது. வத்திக்கானில் பணியாளருக்கும் ஓய்வு பெற்றோருக்கும் சலுகை விலையில் சிகரெட் விற்பனை நடந்து வந்தது. அதனால் வருவாயும் கிடைத்தது. மக்கள் உடல்நலத்தைக் கெடுக்கும் ஒரு செயலுக்குத் திருப்பீடம் துணைபோகலாகாது என்று கருதி, 2018 ஆம் ஆண்டு முதல் அவ்விற்பனையை நிறுத்துமாறு 2017 நவம்பரில் அவர் முடிவு செய்தார். ஊருக்கு உபதேசம் செய்யுமுன் தம் வீட்டுக் கடையைச் சீர்செய்தார் அவர். திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 2290 ஆம் எண்ணில், உணவு, மது, மருந்து ஆகியவற்றோடு புகையிலையையும் குறிப்பிட்டு, அளவுமீறலைத் தவிர்க்கும் மட்டுமிதம் என்னும் புண்ணியத்தைப் போதிக்கிறது.

பிள்ளை ஏற்கெனவே இப்பழக்கத்துக்கு உட்பட்டிருந்தால் என் செய்வது? அடித்தும் வைதும் பயனில்லை. நிக்கோடின் மூளையைப் பற்றிக்கொள்ளும் பொருள். வளரும் பருவத்து மூளையை அது எளிதில் வயப்படுத்தும். விட முயலும்போது எரிச்சலும் உறக்கமின்மையும் மனச்சோர்வும் சில நாள் வாட்டும். எனவே இதனை வெறும் துடுக்குத்தனம் என்று தள்ளாது, நோயாகவும் கருதி மருத்துவரை நாடவேண்டும். புகையிலைப் பழக்கத்தை விட விரும்புவோருக்கென அரசு நடத்தும் கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவையின் எண் 1800-11-2356. தந்தையர்க்கும் அவ்வெண் பயன்படும். மகனும் தந்தையும் ஒரே நாளில் விட முனைந்தால் அதைவிடச் சிறந்த துணை வேறில்லை.

நம் உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று பவுலடியார் போதித்ததைச் சிறு வயதிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அவ்வாலயத்தின் வாயிற்காவலராக இறைவன் முதலில் அமர்த்தியிருப்பது பெற்றோரையே. அடுத்த முறை வாசலில் அழைப்பு மணி ஒலிக்கும்போது, வந்திருக்கும் பொட்டலம் யாது என அன்போடு கேட்டறிவோம்.