அடுப்பங்கரைப் பூதம்

சென்ற மாதம் வெளியான என் சிறுகதை ஒன்றில், ஆபீஸிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் ஒரு பெண், காலையில் வடித்த சோற்றையும் குழம்பையும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, மைக்ரோவேவ் அடுப்பில் சுட வைத்துச் சாப்பிடுகிறாள். கதையில் அது ஒரே ஒரு வாக்கியம். அவளுடைய துயரத்தைப் பற்றிப் பன்னிரண்டு பக்கங்கள் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தத் துயரத்தைத் தொடவே இல்லை. அந்த அடுப்பைத்தான் தொட்டன!

தமிழ்ப் பெண்களுக்கு விஷம் சாப்பிடக் கற்றுக் கொடுக்கிறீர்களா என்று ஒருவர் கேட்கிறார். கதிர்வீச்சில் வெந்த சோறு புற்றுநோயைக் கொண்டு வரும் என்பதுகூடத் தெரியாத நீர் என்ன எழுத்தாளர் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் நல்ல மனுஷர். எனக்காகப் பிரார்த்தனை செய்வதாக எழுதியிருக்கிறார்.

என் கதையைத் திட்டியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். அது வாசகரின் உரிமை. ஆனால் இந்த விஷயத்தில் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. காரணம், என் அக்கா வீட்டில் நான் கண்ணால் கண்டது.

அக்காவின் மருமகள் ஒரு பாங்கியில் வேலை பார்க்கிறாள். காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறாள். அதற்குள் மூன்று வேளைச் சமையலும் நடந்தாக வேண்டும். ஆகவே நாலரை மணிக்கு எழுந்திருக்கிறாள். இரவு வந்ததும் மறுபடி உலை வைக்கிறாள். அந்த வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பு இல்லாமல் இல்லை. கல்யாணச் சீரோடு வந்தது. அதன்மேல் பூப்போட்ட துணி ஒன்றை விரித்து, அதற்கு மேல் மாத்திரை டப்பாவையும் பஞ்சாங்கத்தையும் அடுக்கி வைத்திருக்கிறாள் என் அக்கா.

“அதத் தொடவே கூடாதுன்னு சொல்லிட்டேன். ரஷ்யாக்காரனே தடை பண்ணிட்டானாம். உனக்கென்னடா தெரியும்?” என்றாள். செல்போனில் வந்த செய்தியையும் காட்டினாள்.

நான் பேசாமல் திரும்பி வந்தேன். அது என் தப்பு. ஏனென்றால் இரண்டு வாரங்களுக்குப் பிறகு ஒருநாள் நள்ளிரவில் குழந்தை பாலுக்கு அழுதிருக்கிறது. மருமகள் அசந்து தூங்கிக் கொண்டிருந்தாள். அக்காவின் பிள்ளை, அம்மாவுக்குத் தெரியாமல் துணியை விலக்கி, பால் புட்டியை அப்படியே அந்த அடுப்பில் வைத்திருக்கிறான். எடுத்துத் தொட்டுப் பார்த்தால் புட்டி வெதுவெதுப்பாகத்தான் இருந்ததாம். குழந்தையின் வாயில் வைத்துவிட்டான். ஒன்பது மாதக் குழந்தை. நாக்கும் மேலண்ணமும் வெந்து போய், நாலு நாள் எதையும் விழுங்க முடியாமல் அது துடித்த துடிப்பை நான் பார்த்தேன்.

“பாத்தியாடா, நான் சொன்னேனே!” என்றாள் அக்கா.

இல்லை அக்கா, நீ சொன்னது வேறு, நடந்தது வேறு. குழந்தையின் வாயைப் பொசுக்கியது கதிர்வீச்சு அல்ல, வெறும் சூடு. அந்த அடுப்பின் அலைகள் புட்டியை நேரே சூடாக்குவதில்லை. உள்ளே இருக்கும் பாலைத்தான் சூடாக்குகின்றன. அதுவும் ஒரே சீராக அல்ல. ஆகையால் புட்டி கைக்கு இதமாக இருக்கும்போதே நடுவில் பால் கொதித்துக் கொண்டிருக்கும். இதனால்தான் குழந்தைக்கான பாலை மைக்ரோவேவில் சுட வைக்கவே கூடாது என்று குழந்தை வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வைத்து, அதில் புட்டியை நிறுத்தி, குலுக்கி, மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். உன் பிள்ளைக்கு இது தெரியாது. ஏன் தெரியாது? ‘தொடாதே’ என்று சொன்ன வீட்டில், ‘எப்படித் தொடுவது’ என்று சொல்லித் தர ஆள் இல்லை. திருட்டுத்தனமாகச் செய்கிற காரியத்தை யாரும் சரியாகச் செய்வதில்லை.

என் வழக்கே இதுதான். நம் ஜனங்கள் இந்த அடுப்பைக் கண்டு பயப்பட வேண்டாததற்கெல்லாம் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதற்குத் துளிக்கூடப் பயப்படுவதில்லை!

முதலில் பயப்பட வேண்டாததைச் சொல்லி விடுகிறேன். இரண்டாம் உலக யுத்தத்தில் எதிரி விமானங்களைக் கண்டுபிடிக்க உதவிய ராடார் கருவிக்குள் மாக்னட்ரான் என்று ஒரு குழல் உண்டு. 1945-ஆம் வருஷம் அமெரிக்காவில் ரேதியான் கம்பெனி எஞ்சினீயர் பெர்ஸி ஸ்பென்ஸர் அதன் அருகே நின்றபோது, அவர் சட்டைப் பையில் இருந்த மிட்டாய் இளகிவிட்டது. அந்த இளகலிலிருந்து பிறந்ததே இந்த அடுப்பு. 1947-இல் விற்பனைக்கு வந்தபோது அது ஆள் உயரம். எடை சுமார் 340 கிலோ! சமையல் மேடையில் உட்காரும் அளவுக்குச் சிறுத்து, அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது 1967-இல்.

உள்ளே நடப்பது என்ன? வினாடிக்கு 245 கோடி தடவை துடிக்கும் அலை, உணவிலுள்ள நீரின் அணுக்கூட்டங்களை அப்படியும் இப்படியும் புரட்டுகிறது. அந்தப் புரளலில் சூடு உண்டாகிறது. இந்த அலை ரேடியோவுக்கு உறவு; அணுகுண்டுக்கு உறவு அல்ல. எக்ஸ்-கதிருக்கு இருக்கிற, அணுக்கூட்டங்களை உடைத்துச் சிதைக்கும் வலு இதற்குக் கிடையாது. அலைத்துணுக்குக்குத் துணுக்கு ஒப்பிட்டால், நம் வாசலில் விழும் சூரிய வெளிச்சம் இதைவிடப் பல மடங்கு வலுவுள்ளது. ஸ்விட்சை அணைத்ததும் அலையும் போய்விடுகிறது. விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்கிறதா? அப்படித்தான் சோற்றிலும் அலை மிச்சம் இருப்பதில்லை. உலக சுகாதார ஸ்தாபனமும் இதையே சொல்கிறது.

கதவின் கண்ணாடியில் ஓர் உலோக வலை தெரிகிறதே, அது அலங்காரத்துக்கு அல்ல. அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். வலையின் துளையோ கடுகளவு. யானை எலி வளையில் நுழையாது. கசிவுக்கும் அமெரிக்க அரசாங்கம் 1971-லிருந்து வரம்பு வகுத்திருக்கிறது: அடுப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில், சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கூடாது. விலகி நிற்க நிற்க அதுவும் வேகமாகக் குறைந்துவிடும். கதவு கோணி, கொண்டி தளர்ந்து, சரியாக மூடாத அடுப்பை மட்டும் உபயோகிக்கக் கூடாது. இனி அக்காவின் ரஷ்யா. 1976-இல் அங்கே தடை செய்தார்கள் என்ற கதை நெடுநாளாக உலவுகிறது. அந்தச் சட்டத்தை எடுத்துக் காட்டியவர் எவரும் இல்லை.

சத்து போய்விடும் என்கிறார்கள். காய்கறியின் ‘சி’ வைட்டமின் சூட்டிலும் கரையும், தண்ணீரிலும் கரையும். ஒரு குண்டான் தண்ணீரில் கீரையை அரை மணி நேரம் வேக வைத்து, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுகிற நாம், இரண்டு கரண்டித் தண்ணீரில் நாலு நிமிஷத்தில் வேக வைக்கும் அடுப்பைப் பார்த்துச் சத்தைப் பற்றி உபதேசம் செய்கிறோம்!

இனி, எதற்கும் பயப்படாத தீரர்களிடம் வருகிறேன். அவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். வழவழப்பான கண்ணாடித் தம்ளரில் தண்ணீரை வைத்து நாலு நிமிஷம் ஓட விட்டேன். குமிழி ஒன்றுகூட இல்லை. ‘இன்னும் கொதிக்கவில்லை’ என்று நினைத்துக் காப்பித் தூளைப் போட்டேன். தம்ளர் எரிமலையாகிவிட்டது! என் வலது கை விரல்கள் ஒரு வாரம் பேனா பிடிக்கவில்லை. சொரசொரப்பு இல்லாத பாத்திரத்தில், அசைவில்லாமல், தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் சும்மா கிடக்கும். ஏதாவது விழுந்ததும் ஒரேயடியாகப் பொங்கும். ஒரு மரக் கரண்டியை உள்ளே போட்டு வைத்திருந்தால் அன்று நான் தப்பியிருப்பேன். தேவைக்கு மேல் ஓடவிடாமல் இருந்தாலும் தப்பியிருப்பேன்.

முட்டையும் அப்படித்தான். ஓட்டோடு வைத்தால் உள்ளே ஆவி அடைபட்டு வெடிக்கும். அவித்து உரித்த முட்டையைச் சுட வைத்தாலும் வெடிக்கும். சில சமயம் வாயில் போட்டுக் கடிக்கும்போது! இறுக மூடிய டப்பாவும் இதே ஜாதி. காய்ந்த மிளகாயை வறுக்க நினைத்தால் வீடு முழுக்க இருமும். நம் எவர்சில்வர் பாத்திரம் வேண்டாம். அலைகளை அது திருப்பி அடிப்பதால் உள்ளே இருப்பது சுடாது, பொறியும் பறக்கலாம். தங்கக்கரை போட்ட பீங்கானும், உணவு சுற்றி வரும் அலுமினியத் தாளும் பொறி பறக்க வைப்பவையே. வெறும் அடுப்பை ஓட்டக் கூடாது. அலையை வாங்கிக்கொள்ள உணவு இல்லாவிட்டால் கருவியே கெடும். உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காமல் மின்சாரத்தை நிறுத்துங்கள். காற்று இல்லாமல் தானே அணையும். பழுதானால் வீட்டில் கழற்ற வேண்டாம். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஒரு பகுதி தங்கியிருந்து ஆளைக் கொல்லும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது ஹோட்டல் பார்சல் டப்பாவைப் பார்த்துத்தான். சாம்பார் வந்த பிளாஸ்டிக்கோடு அப்படியே உள்ளே தள்ளுகிறார்கள். 2023-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் சோதித்துப் பார்த்தார்கள். 3 நிமிஷச் சூட்டில், சில டப்பாக்களின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலிருந்தும் 40 லட்சம் நுண்துகள்களும், 200 கோடிக்கு மேற்பட்ட அதிநுண் துகள்களும் உதிரலாம் என்று கண்டார்கள். அலைக்கு அஞ்சிப் பிரார்த்தனை செய்கிறவர், இந்தத் துகளுக்கு அஞ்சி ஒரு கண்ணாடிக் கிண்ணம் வாங்கக் கூடாதா?

சரி, சோற்றை எப்படிச் சுட வைப்பது? அலை உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் நுழையும். அதற்கு மேல் சூடு தானாகப் பரவ வேண்டும். எனவே சோற்றைக் குவிக்காமல், நடுவில் குழி விட்டு வளையமாகப் பரப்புங்கள். சிறிது தண்ணீர் தெளித்து, ஆவி போக இடம் விட்டு மூடுங்கள். பாதியில் நிறுத்திக் கிளறுங்கள். முடிந்த பின் இரண்டு நிமிஷம் அப்படியே இருக்கட்டும். ஓரம் சுட்டு நடுவில் ஜில்லென்றிருந்தால் கிருமி அங்கே சௌகரியமாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கும் 74 டிகிரி சூடு ஏற வேண்டும். ஆவி பறக்கச் சுட வேண்டும்.

ஆனால் சுட வைத்தால் எல்லாத் தோஷமும் தீரும் என்று மட்டும் நம்பாதீர்கள். வெந்த சோற்றிலும் சாகாத பாஸிலஸ் ஸீரியஸ் என்ற கிருமி, சோறு வெளியே கிடந்தால் பெருகி நஞ்சு கக்கும். அந்த நஞ்சு மறுபடி சுட வைப்பதால் அழியாது. ஆறிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். பாதுகாப்பு அடுப்பில் ஆரம்பிப்பதில்லை, அங்கே ஆரம்பிக்கிறது.

இத்தனைக்குப் பிறகும், “சுடச் சுட வடித்த சோற்றுக்கு ஈடாகுமா?” என்று கேட்பீர்கள். ஆகாது. ஒப்புக்கொள்கிறேன். இந்த அடுப்பில் கடுகு தாளிக்க முடியாது, தோசை முறுகாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தச் சூட்டுக்கு விலை கொடுப்பது யார்? நாலரை மணிக்கு எழுந்து உலை வைப்பவர் நீங்களானால் உங்களைக் கும்பிடுகிறேன். படுக்கையில் புரண்டுகொண்டே இன்னொருத்தியின் தூக்கத்தை விலையாகக் கொடுத்துவிட்டு, ருசியைப் பற்றியும் பண்பாட்டைப் பற்றியும் எனக்குக் கடிதம் எழுதுவதுதான் பொறுக்கவில்லை.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். குழந்தை சிரித்தது. பூப்போட்ட துணி அப்படியே இருந்தது.

“அதுல அப்பளம் சுடலாமாமே, நெஜமாடா?” என்றாள் அக்கா, எங்கோ பார்த்துக்கொண்டு.

பஞ்சாங்கத்தை எடுத்துக் கீழே வைத்தேன். இரண்டு அப்பளம், ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. கடித்துப் பார்த்தாள். எண்ணெயில் பொரித்தது போல இல்லை என்றாள். ஆனால் இரண்டாவதையும் சாப்பிட்டாள். மருமகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, அந்தச் சோறு சுட வைக்கறதையும் அத்தைகிட்ட ஒரு தரம் செஞ்சு காட்டிடுங்க” என்றாள் மெதுவாக.

காட்டிவிட்டு வந்தேன். இப்போது அவள் இரவில் உலை வைப்பதில்லை. காலையிலும் ஐந்தரை மணிக்குத்தான் எழுந்திருக்கிறாளாம். பன்னிரண்டு பக்கத் துயரம் எழுதி நான் ஒரு பெண்ணுக்கும் வாங்கித் தராத ஒரு மணி நேரத் தூக்கத்தை, இரண்டு அப்பளம் வாங்கித் தந்துவிட்டது!