தலை சுற்றினால் பித்தம்தானா?



வீட்டில் ஒருவர் தலை சுற்றுகிறதென்று படுத்தால் பித்தம் என்கிறோம். இஞ்சிச் சாறு கொடுக்கிறோம். அடிக்கடி படுத்தாலோ, வேலைக்கு அஞ்சிப் படுக்கிறார் என்று பேசுகிறோம். நோயைவிட அச்சொல்லே அவரை அதிகம் வருத்துகிறது.

உடலின் சமநிலையை அறிய உதவுவது உட்செவியிலுள்ள திரவம். அது மிகுவதோடு தொடர்புடையது மெனியர் நோய். காதில் இரைச்சல், அடைப்பு, கேள்வி மந்தம் ஆகியவற்றுடன், 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை உலகமே சுழலும், வாந்தியும் வரும். மூளைக் கோளாறெனக் கருதப்பட்டுவந்த இதனைக் காதின் நோயென்று 1861இல் எடுத்துரைத்தவர் பாரிஸ் மருத்துவர் புரோஸ்பர் மெனியர்.

முற்றிலும் தீர்க்கும் மருந்து இல்லை. ஆயினும் காது மருத்துவரின் துணையோடு கட்டுப்படுத்தலாம். உப்பைக் குறைக்கச் சொன்னால் கருவாடும் ஊறுகாயும் வீடு முழுவதற்குமே குறையட்டும். சுழற்சி வரும்போது அசையாமல் படுக்க விடுங்கள். பேச்சுக் குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ அது வேறு நோயாகலாம். உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

குனிந்தால் விழுவேன் என்பவரை ஸுஜூது செய்யுமாறு வற்புறுத்தாதீர்கள். நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழ மார்க்கம் இடமளித்திருக்கிறது. இறைவன் ஏற்றுக்கொள்ளும் இயலாமையை நாம் நம்ப மறுக்கலாமா?