பின்பக்கத்தையும் கேளுங்கள்



மகளுக்கு வீடு கட்டும் வாப்பாமார் கடன்பட்டுப் பென்ட்ரி கபட் போடுகிறார்கள். காசு முழுக்க முன்பக்கப் பளபளப்புக்கே போகிறது. எம்.டி.எப். கதவின் ஓரத்தை மூடாவிட்டால் சிங்கில் சிந்தும் தண்ணீரை உறிஞ்சி ஊதும். ஊதினது பழையபடி ஆகாது. தேக்கு, பலா என்றாலும் ஈரப்பலகையில் செய்தால் காய்ந்து சுருங்கும். முன்பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்தால் கதவு வளையும்.

பிறகு ஓடாவியைத் திட்டுகிறோம். கூலியைக் குறைக்கச் சொன்னது யார்?

காய்ந்த பலகை கேளுங்கள். பின்பக்கம், ஓரம், கீழ்விளிம்பு எல்லாவற்றுக்கும் சீலரும் வார்னிஷும் அடிக்கச் சொல்லுங்கள். அதற்குரிய கூலியையும் கொடுங்கள். இன்று நாம் குறைக்கும் கூலியை நாளைக்குப் புதுக் கதவுக்கு மகள்தான் கொடுக்க வேண்டிவரும்.

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.