சுவரில் ஓர் இடம்

தோழா! சுவரின் வலிமையை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்ணாம்பு வாளியும் தூரிகையும் ஏந்தி, நள்ளிரவில் நம் சின்னத்தைத் தீட்டியவன் நீ. ஏடு புரட்டாதவரும் சுவரைப் படிப்பர் என்பதை அறிந்தவன் நீ. ஆகவே உன்னைக் கேட்கிறேன்: புதுக்கோட்டைச் சுவர்களில் திருநங்கையருக்கு இடம் உண்டா?

நகைக்காதே! 2016இல் பெங்களூரில் தோன்றிய 'அரவாணி ஆர்ட் ப்ராஜெக்ட்' திருநங்கையர் கரத்தில் தூரிகையைத் தந்தது. எந்த வீதி ஏளனம் செய்ததோ, அந்த வீதியிலேயே அவர்கள் வண்ணம் தீட்டினர். 2024இல் இத்தாலியின் வெனிஸ் நகரத்துப் பன்னாட்டுக் கலைவிழாவில் அவர்தம் சுவரோவியம் இடம்பெற்றது. வெனிஸ் வரவேற்கிறது, வீட்டுத் திண்ணையோ விரட்டுகிறது!

"சட்டம்தான் வந்துவிட்டதே" என்பாய். வந்தது, மறுக்கவில்லை. 2008இல் தமிழகத்தில் திருநங்கையர் நலவாரியம். 2014இல் மூன்றாம் பாலினத்திற்கு உச்சநீதிமன்றத்தின் ஏற்பு. 1860இல் வெள்ளையன் வகுத்த 377ஆம் பிரிவு, ஆணை விரும்பும் ஆணையும் பெண்ணை விரும்பும் பெண்ணையும் குற்றவாளியாக்கியதே, அந்தக் கொடுக்கும் 2018இல் ஒடிந்தது. வாழ்த்துவோம்! ஆனால், வளர்ந்தவர் சட்டநூலைப் புரட்டலாம். பத்து வயதுப் பிள்ளை எதைப் புரட்டும்?

சொப்பில் சோறாக்கித் தெருவுக்கே பரிமாறும் ஆண்பிள்ளை. பாவாடையை வெறுத்துக் கிட்டிப்புள் ஏந்தும் பெண்பிள்ளை. மாசிமகத்தன்று குளமங்கலத்துப் பெருங்குதிரைக்குக் காகித மாலைகள் குவியும்போது, தாவணி உடுத்துக் கரகம் ஆடத் துடிக்கும் பிள்ளை! இவர்கள் செய்த குற்றம் என்ன? களவா? கொலையா? ஆயினும் அடி விழுகிறது; பட்டப்பெயர் துரத்துகிறது. உனக்கும் எனக்கும் பிள்ளைப்பருவம் தித்திக்கும் நினைவு. அவர்களுக்கோ மறைத்தாக வேண்டிய வடு!

அந்தப் பருவத்தை மீட்டுத்தர வல்லது கலை. அதே சொப்பும், அதே கிட்டிப்புள்ளும், அதே கரகமும் நம் பேருந்து நிலையச் சுவரில் எழட்டும். வாழ்ந்தவரே வரையட்டும், வரைந்தவருக்கு உரிய கூலியும் கிடைக்கட்டும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையொன்று அதைக் கண்டு, "என்னைப்போல் இன்னொருவர் இருந்திருக்கிறார்; இன்றும் இருக்கிறார்" என்று நிமிருமே, அந்த நிமிர்வை எந்த அரசாணை தரும்?

"ஊர் ஒப்புமா?" என்கிறாயா? ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி என்னும் பெண் நுழைந்தபோதும் இந்த ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. இன்றோ, "டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி எங்கள் ஊர்க்காரர்" என்று மார்தட்டுகிறது!

ஆகவே தோழா, அடுத்த முறை சுண்ணாம்பு அடிக்கும்போது, எல்லாச் சுவரையும் நமக்கே பிடித்து வைக்காதே. ஒரு சுவரை அந்தப் பிள்ளைக்கு விட்டு வை!